காரணம் கேட்க மாட்டோம்

எங்கள் அலுவலகத்தில் பிரேமாவதிக்குத் தொழில்நுட்பத் தலைவர் என்று பதவி. அவளுக்குக் கீழே வேலை பார்க்க ஆள் கிடையாது. தலைவரும் அவளே, தொண்டரும் அவளே. பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டால் இழுத்துப் போடுவதும் அவளே. அந்தப் பதவியைக் கதவில் எழுதி ஒட்டியவர் எங்கள் முதலாளி ரவிச்சந்திரன். "பெரிய கம்பெனியில எல்லாம் இப்படித்தான் போடுவாங்க" என்றார். "அப்ப குணா அக்காவுக்கு என்ன போடுவீங்க அண்ணே?" என்று பிரேமாவதி என்னைக் காட்டிக் கேட்டாள். எனக்கு ஒன்றும் போடவில்லை. நான் போன் எடுக்கிறவள். என் பெயர் குணசுந்தரி என்பது வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

சுங்கைப் பட்டாணி நகரில் பாக்கார் ஆராங் பக்கம் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் எங்கள் இடம். கீழே டயர் கடை. நாங்கள் நடத்துவது 'மாலைமாற்று' என்ற வரன் பார்க்கும் தளம். கைப்பேசியில் இறக்கிக்கொண்டு பிள்ளையின் படம், படிப்பு, வேலை, நட்சத்திரம் எல்லாம் போட்டுவிட்டால், பொருத்தமான ஆள்களை அதுவே எடுத்துக் காட்டும். பிடித்திருந்தால் 'விருப்பம்' என்ற பொத்தானைத் தொட வேண்டும். அந்தப் பக்கமும் தொட்டால் பேச்சு தொடங்கும். இதையெல்லாம் பிள்ளைகள் செய்வதாக நினைத்துவிட வேண்டாம். அம்மாக்கள்தான் செய்கிறார்கள், பிள்ளைக்குத் தெரிந்து பாதி, தெரியாமல் பாதி.

ரவிச்சந்திரன் அடிப்படையில் கல்யாண அலங்காரக்காரர். மணவறை, கூடாரம், நாற்காலி, வாழைமரம் என்று இந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு அவருடைய லாரிதான் போகும். இப்போது அந்தத் தொழிலை அவர் தம்பி தேவன் பார்த்துக்கொள்கிறார். மணவறை போடுகிறவர்கள் ஜோடியையும் சேர்த்துவிட்டால் என்ன என்று ஒருநாள் முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றியதைச் செய்துகொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது பிரேமாவதி கிடைத்தாள்.

அவள் கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். நன்றாகப் படித்து, பினாங்கில் பெரிய கம்பெனி ஒன்றில் கணினி வேலையில் சேர்ந்து, தினமும் காரில் கடல் பாலத்தைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தாள். கணவன் வசந்தனுக்குக் குருணில் தொழிற்சாலை வேலை. விடியும் முன்னால் இவள் தெற்கே போவாள், அவன் வடக்கே போவான். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமைதான். "வீட்ல உக்காந்து சோறு தின்னணும்க்கா, காடியில உக்காந்து இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த வேலையை விட்டு எங்களிடம் வந்தாள். வந்தவள் சந்தோஷமாக இருந்தாள். சாயங்காலம் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் பூப்பந்து விளையாடி, தினமும் தோற்று, தோற்ற கதையை மறுநாள் காலையில் பசியாறும்போது எங்களுக்குச் சொல்லிச் சிரிப்பாள். இவ்வளவு குறைவாகப் புலம்புகிற படித்த பெண்ணை நான் பார்த்ததில்லை. எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

இனி எங்கள் சனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வரன் கூடிவந்துவிட்டது என்று வையுங்கள். நாங்கள் வெளியே மூச்சு விட மாட்டோம். கண் பட்டுவிடும். நிச்சயம் ஆகும்வரை மாமனுக்குச் சொல்ல மாட்டோம், சித்திக்குச் சொல்ல மாட்டோம், கோயிலில் பூசாரியிடம்கூடப் பேரை மாற்றிச் சொல்லி அர்ச்சனை செய்வோம். அப்படியிருக்க, பாக்கார் ஆராங்கில் டயர் கடைக்கு மேலே இருக்கிற ஒரு கம்பெனிக்கா சொல்லுவோம்? தளத்தில் பிள்ளையின் படத்தை எடுத்துவிட்டால் ஏன் எடுத்தார்கள் என்று நாலு பேர் கேட்பார்கள் என்று அதை அப்படியே விட்டுவைப்பார்கள். பிறகு பத்திரிகை அடிக்கிற அவசரம், சேலை எடுக்கிற அவசரம், கல்யாணம். அதற்குப் பிறகு தளத்தின் ஞாபகம் யாருக்கு வரும்? இப்படியாக எங்கள் 'மாலைமாற்று' முழுக்கக் கல்யாணம் ஆனவர்கள் மாப்பிள்ளைக் கோலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு இரண்டு பிள்ளைகள்.

முதலாளிக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். முகப்பில் எத்தனை வரன்கள் இருக்கின்றன என்று ஓர் எண் பெரிதாக ஓடும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் சந்தா கட்டினார்கள். "நாமளா போட்டோம்? அவங்க போட்டது, அவங்க எடுக்கல" என்பார் ரவிச்சந்திரன். அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

ஆனால் பச்சைப் புள்ளி அப்படியல்ல. அது நாங்கள் போட்டது. அண்மையில் தளத்துக்கு வந்துபோனவர் படத்தின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஆரம்பத்தில் அது ஒழுங்காகத்தான் இருந்தது. எரிகிற புள்ளிகள் மிகக் குறைவாக இருக்கவே, முதலாளி பிரேமாவதியைக் கூப்பிட்டு, வாராவாரம் நாம் அனுப்புகிற செய்தி ஒருவருடைய கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தாலே புள்ளி எரியும்படி செய் என்றார். அது பொய்யாகிவிடும் என்று அவள் சொன்னாள். செய்தி போய்ச் சேர்ந்தது உண்மைதானே என்று இவர் சொன்னார். அரைமணி நேரம் வாதாடிவிட்டு அவள் செய்துகொடுத்தாள். மறுநாள் தளம் முழுக்கப் பச்சையாக இருந்தது, பார்க்க நன்றாகவும் இருந்தது.

கோலா கெத்தில் ஊர்ப் பாப்பம்மா எனக்கு நெடுநாள் பழக்கம். நேரில் பார்த்ததில்லை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்று, மகள் ஷாமளாவோடு இருக்கிறார். ஷாமளா பாலர் பள்ளி ஆசிரியை, முப்பதைத் தாண்டிவிட்டாள். வாரத்துக்கு ஒருமுறையாவது பாப்பம்மா கூப்பிட்டு, இன்ன பையனுக்கு விருப்பம் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை, மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்பார். நானும் பொறுமையாக இருங்கம்மா, வரும் என்பேன். இந்தப் பதிலைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு திங்கட்கிழமை காலை பாப்பம்மா கூப்பிட்டார். அவர் பேசினால் நேரம் ஆகும் என்பதால் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். பிரேமாவதி என் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஏதோ ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"குருண்ல ஒரு பையன், ஜெயகுமார்னு, உங்ககிட்டகூட கேட்டனே மா" என்று பாப்பம்மா தொடங்கினார். "பொருத்தம் அம்புட்டும் கூடிச்சி. விருப்பம் போட்டு எத்தன நாளாச்சி, பதிலே வரல. ஆனா பச்ச வெளக்கு மட்டும் தெனமும் எரியிது. சரி, பையன் பாக்குறான், பேசத்தான் வெக்கப்படுறான், பெரியவங்க வந்து பேசட்டும்னு இருக்காங்க போலன்னு நானே நெனச்சிக்கிட்டேன்."

பெண் வீட்டிலிருந்து முதலில் போகும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பது பாப்பம்மாவுக்கும் தெரியும். ஆனால் கோயிலுக்குப் போகிற வழியில் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வரலாமே என்று நினைத்திருக்கிறார். ஒரு பழத்தட்டும் எடுத்துக்கொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. காடி ஓட்டியது ஷாமளா. வேண்டாம்மா, வேண்டாம்மா என்று சொல்லிக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறாள்.

குருணில் அவன் விவரத்தில் போட்டிருந்த தாமானுக்குள் போய், மளிகைக்கடையில் ஜெயகுமார் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். அதோ கூடாரம் போட்டிருக்கிறதே, அந்த வீடு என்று கடைக்காரர் கை காட்டினார். மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி கட்டி, வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. போகிற நேரத்தில் விசேஷ வீடாக இருக்கிறதே, நல்ல சகுனம் என்று பாப்பம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. காடியை விட்டு இறங்குவதற்குள், பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா ஓடிவந்து, "வாங்க வாங்க, ஏன் இவ்ளோ லேட்டு, மொதல்ல சாப்பிடுங்க" என்று இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். யார் என்ன என்று ஒரு கேள்வி இல்லை. நம் வீட்டு விசேஷங்களில் கையில் பழத்தட்டோடு வருகிறவரை யார் விசாரிப்பார்கள்? சம்பந்தி பக்கத்து ஆள்கள் என்று வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள், வீட்டுக்காரர்கள் பக்கத்து ஆள்கள் என்று சம்பந்திகள் நினைத்திருப்பார்கள்.

"நல்லாத்தான் கவனிச்சாங்க மா. பாயசம் ரெண்டு தடவ ஊத்துனாங்க. எனக்கு ஒரே சந்தோஷம், எவ்ளோ நல்ல குடும்பம்னு. ஷாமளாகூட மெதுவா சிரிச்சா."

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். பிள்ளைக்குப் பேர் வைத்துத் தொட்டிலில் போடும் விசேஷம் அது. பிள்ளையின் அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நிமிந்து பாத்தேன். போன்ல நான் தெனமும் பாத்துக்கிட்டிருந்த அதே மொகம்."

நான் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்புறம் என்னம்மா பண்ணீங்க?"

"என்ன பண்றது? பழத்தட்ட தொட்டில்கிட்ட வச்சி, புள்ள நல்லாருக்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டோம். அதுக்கு என்ன தெரியும் பாவம், பச்சப்புள்ள."

திரும்பி வரும்போது பீடோங் ஊர் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லையாம். பிறகு ஷாமளா சிரிக்க ஆரம்பித்தாளாம். ரெண்டு கிண்ணம் பாயசம் குடிச்சியேம்மா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, ஓட்ட முடியாமல் காடியை ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். அது எப்போது அழுகையானது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் பாப்பம்மா.

சத்தம் போடுவார், சந்தாவைத் திருப்பிக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். சமாதானம் சொல்ல வார்த்தைகளையும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பையன் படத்த எடுத்துருங்க மா. இன்னொரு அம்மா போயி நிக்கக் கூடாது."

போனை வைத்தபின் பிரேமாவதி அந்த இடத்திலேயே நின்றாள். எப்போதும் எதற்காவது சிரிக்கிற முகம் அது. அன்று அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அந்தப் பச்சைய எழுதுனது நான்தாங்க்கா" என்றாள்.

"முதலாளி சொன்னாரு, நீ செஞ்ச. அதுக்கு நீ என்னா பண்ணுவ?"

"சொன்னது அவரு. கை என்னோடதுதானே."

அன்று மதியத்துக்குள் பச்சைப் புள்ளிகள் எல்லாம் அணைந்துவிட்டன. யாரையும் கேட்கவில்லை, கேட்டால் முதலாளி முடியாது என்பார் என்று அவளுக்குத் தெரியும். உண்மையிலேயே வந்துபோனவர்களுக்கு மட்டும் புள்ளி எரிந்தது. அங்கே ஒன்று இங்கே ஒன்றாக, எண்ணினால் இரண்டு கை விரல் போதும் போலிருந்தது.

ரவிச்சந்திரன் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகுதான் வருவார். வந்து கைப்பேசியைப் பார்த்தவர் தளம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பதறினார். கெடவில்லை அண்ணே, இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்று பிரேமாவதி சொன்னாள். சொல்லிவிட்டு, கல்யாணம் ஆனவர்களையும் எடுத்துவிட வேண்டும் என்றாள்.

"பாதி போயிடும் பிரேமா."

"பாதிக்கும் மேலயே போகும்ண்ணே."

"உன் சம்பளம், குணா சம்பளம், இந்த எடத்து வாடக, எல்லாம் அந்தக் கூட்டத்தப் பாத்துத்தான் வருது. ஆவணி முடியட்டும். அதுக்கப்புறம் மெதுவா பாக்கலாம் லா."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். "முதலாளி சொல்றதும் சரிதானே பிரேமா" என்றேன். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த நாற்காலி போனால் வேறு யார் நாற்காலி தருவார்கள்? அந்தக் கவலைதான் பேசியது.

பிரேமாவதி என்மேல் கோபப்படவில்லை. "கடை உங்களுது. நீங்க சொல்லாம நான் யாரையும் எடுக்க மாட்டேன்ண்ணே" என்று முதலாளியிடம் சொன்னாள். "ஆனா அவங்க எல்லாம் அப்படியே இருக்கட்டும்னா, நான் இருக்க மாட்டேன்."

"என்னா நடந்துச்சின்னு இப்படிப் பேசுற?" என்று அவர் என்னைப் பார்த்தார். பாப்பம்மா போன கதையை நான் சொன்னேன். பந்தி, பாயசம், தொட்டில் எல்லாம் சொன்னேன். மஞ்சளும் வெள்ளையுமாகக் கூடாரம் என்று சொன்னபோது அவர் முகம் மாறியது.

"குருண்லயா? நேத்து ஞாயித்துக்கெழமயா?" என்று மெதுவாகக் கேட்டார். "அது நம்ம கூடாரம்."

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஜெயகுமார் கல்யாணத்துக்கு மணவறையும் நாமதான் போட்டோம்" என்றார் மறுபடியும். "தாமரை செட். மாலை எடுத்துக் கொடுத்ததே நான்தான்." பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, நாளைக்குப் பேசலாம் என்று இறங்கிப் போய்விட்டார். ஒருவனுக்கு மாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவனுக்குப் பெண் இருக்கிறதா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் பசியாறும்போது பிரேமாவதி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள், வாயில் போடவில்லை. "இந்த வேல போச்சின்னா மறுபடியும் பாலம்தாங்க்கா" என்றாள். "வசந்தன் பரவால்லன்னுதான் சொல்றாரு. ஆனா எனக்கு இந்த வேல ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு." அவள் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

ரவிச்சந்திரன் அன்று காலையிலேயே வந்துவிட்டார். ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. வந்தவர் புது யோசனையோடு வந்திருந்தார். யார் யாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று கண்டுபிடிப்பது சுலபம் என்றார். கைப்பேசியில் நம் தளத்தை இறக்கும்போதே படங்களைப் பார்க்க அனுமதி வாங்கிவிடுகிறோம் அல்லவா? உள்ளே போய்க் கல்யாணப் படம் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரை விட்டுப் பார்க்கச் சொன்னால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

"முடியும்ண்ணே" என்றாள் பிரேமாவதி. "ஆனா ஜாதகத்தோட போட்டோ ஏத்தத்தான் அவங்க கதவத் தொறந்துவிட்டாங்க. அந்தச் சாக்குல வீட்டுக்குள்ள பூந்து கழுத்துல தாலி இருக்கான்னு பாக்க முடியுமா?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப கேட்டுத்தான் ஆகணும். கேட்டா நம்ம சனம் சொல்லாதே."

"கேட்டுப் பாக்கலாம். கல்யாணம் முடிஞ்சிச்சான்னு ஒரு செய்தி அனுப்பலாம்."

"அதத் தொட மாட்டாங்கமா. எத்தன வீட்டுக்கு மணவறை போட்டிருக்கேன். நாள் குறிச்சிட்டு வர்றவன்கூட பேர எங்கிட்டச் சொல்ல மாட்டான், 'நம்ம வீட்ல ஒரு சின்ன விசேஷம்'ம்பான்." சன்னல் பக்கம் போனவர் திரும்பினார். "காரணம் கேக்காத. படத்த மறைக்கிறதுக்கு மட்டும் ஒரு பொத்தான் குடு. எதுக்கு, என்னான்னு கேக்காத. அப்பத்தான் தொடுவாங்க."

பிரேமாவதி அவரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு சந்தோஷம். என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். நிச்சயம் ஆன பிள்ளையின் படத்தை ஊரே பார்த்துக்கொண்டிருந்தால் கண் படும் என்று எழுது, விழுந்தடித்துக்கொண்டு வந்து தொடுவார்கள் என்றேன். இப்போதும் அது நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பச்ச வெளக்க எடுத்துட்டு எலுமிச்சங்காயக் கட்டச் சொல்றீங்களாக்கா? பயமுறுத்தி நல்லது செஞ்சா அதுவும் அதே வேலதான்."

அன்று எல்லாருக்கும் போன செய்தியில் இவ்வளவுதான் இருந்தது: உங்கள் பிள்ளையின் படத்தை மறைக்க விரும்பினால் இங்கே தொடவும். காரணம் கேட்க மாட்டோம். தொடாமலும் வராமலும் இருப்பவர்களின் படம் ஒரு மாதத்தில் தானாக மறையும், திரும்ப வேண்டுமென்றால் எப்போதும் வரலாம் என்று கீழே சின்னதாக ஒரு வரி.

தொட்டார்கள். அப்படித் தொட்டார்கள். பினாங்கிலிருந்து பேராக் வரைக்கும் மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். முகப்பில் ஓடுகிற எண் நாளுக்கு நாள் இறங்கியது. அதை மட்டும் பழையபடி விட்டுவிடேன் என்று முதலாளி ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள், அவரும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் கைப்பேசியைத் திறக்கும்போது முகப்பை விரலால் மறைத்துக்கொண்டு திறப்பார்.

போனில் எனக்கு நல்ல வேடிக்கை. நான் இன்னும் அதிலேயா இருக்கிறேன் என்று ஒருவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து கேட்டார். அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, தன் கணவன் படம் எங்களிடம் எவ்வளவு காலமாக இருந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அதட்டிக் கேட்டாள். அதைச் சொல்ல மாட்டோம் என்றேன். அவர் படத்தை மறைத்துவிட்டார் என்பதை மட்டும் சொன்னேன். அப்படியானால் சரி என்று வைத்துவிட்டாள். திட்டியவர்களும் உண்டு. கடையைக் காலி செய்கிறீர்களா, எங்கே போனார்கள் எல்லாரும் என்று கேட்டுச் சந்தாவை நிறுத்தியவர்கள் நிறைய. அவர்களிடம் நான் உண்மையைச் சொன்னேன். நாக்கு முதலில் பழகவில்லை, பிறகு பழகிவிட்டது.

நட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் இடத்தில் பாதியைத் தடுத்து டியூஷன் நடத்துகிறவருக்கு வாடகைக்கு விட்டாகிவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தத்தில்தான் நான் இப்போது வரன் பேசுகிறேன். முதலாளி மறுபடியும் தம்பி தேவனோடு லாரியில் ஏறிக் கூடாரம் கட்டப் போகிறார். அதில் அவருக்கு உடம்பு இளைத்து நல்ல நிறம் வந்திருக்கிறது. பிரேமாவதி வாரத்தில் பாதி நாள் குலிமில் ஒரு கிளினிக்குக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறாள். அதையும் எங்கள் மேசையில் உட்கார்ந்தே எழுதுகிறாள், பாலம் தாண்டவில்லை. பூப்பந்தில் இன்னும் தோற்கிறாள். முதலாளி கேட்டுக்கொண்டபடி ஒரு பொய் விளக்கைப் போட்டுவிட்டு அதோடு வாழ்வதைவிட இது லேசாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து கறிபப் பலகாரத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆவணி முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் பாப்பம்மா கூப்பிட்டார். அந்த விஷயத்துக்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. சந்தாவை நிறுத்தச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். பிரேமாவதி இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"முன்னெல்லாம் பொறட்டப் பொறட்ட வந்துக்கிட்டே இருப்பாங்க. இப்ப என் பொண்ணுக்கு நாலே பேருதான் காட்டுது மா" என்றார்.

நான் பிரேமாவதியைப் பார்த்தேன். அவள் கையில் இருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா, இருக்கறவங்க மட்டும்தான் இருக்காங்க" என்றேன்.

"நாலு பேருக்கும் விருப்பம் போட்டோம். இந்தத் தடவ ஷாமளாவே போட்டா. நாலு பேருமே பதில் சொல்லிட்டாங்க."

"என்னம்மா சொன்னாங்க?"

"மூணு பேரு வேணாம்னுட்டாங்க. ஒருத்தரு தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசலாம்னு எழுதியிருக்காரு."

வழக்கமான சமாதானம் என் வாயில் வந்து நின்றது. பொறுமையா இருங்கம்மா என்று தொடங்கினேன். பாப்பம்மா என்னை முடிக்க விடவில்லை.

"எனக்கு வருத்தமில்ல மா. இத்தன வருசமா ஒருத்தங்ககூட வேணாம்னுகூடச் சொல்லல. எம்பொண்ணுகிட்ட என்னா கொறன்னு நான் தேடிக்கிட்டே இருந்தேன். அவ தூங்கும்போதுகூட மொகத்தப் பாத்துத் தேடிக்கிட்டு இருந்தேன்."

பிறகு அவரே சொன்னார்: "ஒரு கொறையும் இல்ல. அங்க ஆளே இல்ல, அவ்ளோதான்."

பிரேமாவதி எழுந்து வந்து போனுக்குப் பக்கத்தில் நின்றாள். தான் யார் என்று சொல்லி, பச்சை விளக்கை எழுதியது தான்தான் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டாள்.

"பசியாறிட்டியா மா?" என்று கேட்டார் பாப்பம்மா.